கெட்டிமேளத்துக்கு முந்தின ராத்திரி

ஆழ்வார்குறிச்சியில் விடிந்தால் கல்யாணம். மண்டப வாசலில் வாழைமரம் கட்டியாயிற்று, சமையல்கட்டில் தேங்காய் துருவுகிற சத்தம் இன்னும் ஓயவில்லை. சொந்தபந்தமெல்லாம் மாப்பிள்ளை அழைப்புக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து, போட்டோக்காரர்களின் மாடி அறைக்குள் எட்டிப் பார்ப்போமா? அடேயப்பா! பாய் முழுக்கக் கேமராக்கள், லென்ஸுகள், பிளாஷ்கள், சார்ஜரில் பச்சை விளக்கு எரியும் பேட்டரிகள்!

"ஏ தம்பி, ரெண்டு கேமராலயும் மணி ஒண்ணா ஓடுதான்னு பாருடே."

"பாத்துட்டேன் அண்ணாச்சி."

லென்ஸைத் துடைப்பதற்கும் முந்தின வேலை இது. இருவர் எடுத்த படங்களையும் பிறகு நேர வரிசையில்தான் அடுக்குவார்கள். ஒரு கடிகாரம் நாலு நிமிடம் பிந்தினாலும் ஆல்பத்தில் சடங்குகள் முன்னும் பின்னுமாகிவிடும். அடுத்தது மெமரி கார்டு. ஒவ்வொரு படமும் ஒரே நேரத்தில் இரண்டு கார்டுகளில் பதியும்படி வைக்கிறார்கள். ஒன்று பழுதானாலும் கல்யாணம் பத்திரம்.

இத்தனை ஏற்பாடும் முக்கியமாகச் சில நொடிகளுக்காகத்தான். பெரியவர் ஒருவர் ஆள்காட்டி விரலை உயர்த்தி ஆட்டி "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்பார். அதுவரை இழைந்துகொண்டிருந்த ராகம் சட்டென்று அறுபட்டு, தவில் பொரிந்து தள்ளும், குலவை எழும், அட்சதை பறக்கும். அதற்குள் முதல் முடிச்சு விழுந்து, அடுத்த முடிச்சுக்கு நாத்தனாரின் கை நீண்டுவிடும். இந்தப் படத்தைக் கண்ணோடு காதும் சேர்ந்துதான் எடுக்க வேண்டும். நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) பிறந்து வளர்ந்த தாமிரபரணிச் சீமையில் மேளத்துக்குக் காது கொடுக்கத் தெரியாதவர் உண்டா!

அந்த நொடிகளுக்கான அளவுகளைத்தான் அண்ணாச்சி இப்போதே முடிவு செய்கிறார். அப்பர்ச்சர் எஃப் 4. கையில் எஃப் 1.4 லென்ஸ் இருக்கிறதே, ஏன் திறக்கவில்லை? முழுக்கத் திறந்தால் குனிந்திருக்கிற பெண்ணின் முகம் துல்லியமாக விழும், பின்னால் நிற்கும் நாத்தனார் முகம் கலங்கிப்போகும். அந்தப் படத்தில் எல்லா முகமும் வேண்டும்.

ஷட்டர் நொடியில் நூறில் ஒரு பங்கு. காரணம் மேடை அலங்காரத்து எல்இடி! நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. மலிவான விளக்குகள் அதனால் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும். நம் கண்ணுக்கு அது தெரியாது, ஷட்டர் அதிவேகமானால் கேமராவுக்குத் தெரிந்துவிடும். மணப்பெண் முகத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள்! சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் இந்தத் தொல்லை இன்னும் கூடும். தவில் முழங்குகிற இடத்தில் கிளிக் சத்தத்துக்கு யார் கவலைப்படப் போகிறார்கள்? மெக்கானிக்கல் ஷட்டரே போதும். கையசைவைப் பிடித்து நிறுத்த பிளாஷ் இருக்கிறது. அதையும் நேரே முகத்தில் அடிக்காமல், வெள்ளைக் கூரையைப் பார்த்துத் திருப்பி வைக்கிறார்கள். ஹோமப் புகை மண்டும்போது நேராக அடித்தால் ஒளி புகையில் பட்டுத் திரும்பி, படமே வெளிறிவிடும்.

நிறச் சமநிலையை ஆட்டோவில் விடவே கூடாது என்கிறார் அண்ணாச்சி. படத்தில் கூறைப்புடவையின் அரக்கு நிறையும்போது ஒரு நிறம், மாப்பிள்ளையின் பட்டு வேட்டி நிறையும்போது வேறொரு நிறம் என்று முகம் மாறிக்கொண்டே போகும். மேடை விளக்கை அளந்து ஒரே எண்ணில் பூட்டிவிட்டால் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும்.

தம்பிக்கு 70–200 லென்ஸ். அவன் மேடைப் பக்கமே வரமாட்டான். தூரத்தில் நின்று பெண்ணின் அம்மா முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பான். என்னைக் கேட்டால் ஆல்பத்தின் உயிரே அவன் கையில்தான்!

சாயங்காலத்துக்கும் திட்டம் உண்டு. கடனா நதிப் பக்கம் ஜோடிப் படம். மேற்கே மலைத்தொடர் நிற்பதால் பஞ்சாங்கம் சொல்லும் அஸ்தமனத்துக்கு முன்பே வெயில் மறைந்துவிடும். எனவே நாலரைக்கே வயல் வரப்பில் நிற்க வேண்டும்.

மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டுக்கும் ஒரு லென்ஸ் ஒதுக்கியாயிற்று. ஆவி பறப்பது தெரிய, ஜன்னல் வெளிச்சம் இலைக்குப் பின்னாலிருந்து வரவேண்டுமாம். எந்த வரிசையில் உட்கார்ந்தால் அது கிடைக்கும் என்று தம்பி பந்திக் கூடத்தை இப்போதே பார்த்துவிட்டு வந்திருக்கிறான்!