வீடு மாறுகிறீர்களா? கறிவேப்பிலைச் செடியை வாட விடாதீர்கள்!

மும்பையில் வாடகை வீட்டுக்காரர்களுக்கு 11 மாத ஒப்பந்தம்தான் கணக்கு. அது முடிந்தால் பெட்டி, படுக்கையுடன் அடுத்த வீடு. பாத்திரம் கட்டுவதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். ஜன்னலோரத்துத் தொட்டிகள்தான் கடைசி நிமிடத்தில் நினைவுக்கு வருகின்றன.

இதில் நானும் பாடம் படித்தவன். சில ஆண்டுகளுக்கு முன் தாராவியிலிருந்து டோம்பிவிலிக்குக் குடிபோனோம். என் தாயார் நெல்லையிலிருந்து பால் டின்னில் வைத்து ரெயிலில் கொண்டுவந்த கறிவேப்பிலைச் செடி எங்களிடம் இருந்தது. மே மாதத்து நண்பகல். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, திறந்த டெம்போவில் சாமான்களின் உச்சியில் வைத்தேன். புது வீட்டிலும் நல்ல வெயிலில் இறக்கினேன். பத்தே நாளில் செடி குச்சியாகிவிட்டது. தாயார் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குச்சிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி தோட்ட வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "மூணு வாரம் முன்ன தொடங்க வேண்டிய வேலைய மூணு மணி நேரத்துல முடிச்சிட்டீங்களே, தம்பி" என்றார். அவர் சொன்ன முறைகள் இவை:

புறப்படும் முன்

தொட்டி விரிசல் விட்டிருந்தால் மூன்று வாரத்துக்கு முன்பே வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். கடைசி நேரத்தில் வேரைக் கலைக்கக் கூடாது. காய்ந்த கிளை, பழுத்த இலைகளைக் கிள்ளிவிடுங்கள். இலையின் அடியில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்துக் கழுவுங்கள்.

செடிக்கு ஒரு வாரிசும் வேண்டும். மல்லிகையை வெட்டிய குச்சியிலிருந்தே வளர்க்கலாம். துளசிக்கு முற்றிய கதிரை எடுத்து வைத்தால் போதும். கறிவேப்பிலைக் குச்சி எளிதில் வேர் பிடிக்காது. வேரிலிருந்து முளைக்கும் பக்கக்கன்றைப் பிரித்து வைக்க வேண்டும், அல்லது பழுத்த பழத்தின் விதையைக் காயும் முன் ஊன்ற வேண்டும்.

வண்டியில் ஏற்றும்போது

தண்ணீரை முந்தின நாளே ஊற்றிவிடுங்கள். புறப்படும்போது ஊற்றினால் தொட்டி கனக்கும், சேறு ஒழுகும். மண்ணின் மேல் ஈரக் காகிதம் வைத்து, பழைய துணியால் தொட்டியின் வாயைக் கட்டுங்கள். கிளைகளை வேட்டிக் கிழிசலால் தளர்வாகச் சேர்த்துக் கட்டி, சுற்றிலும் செய்தித்தாளைச் சுற்றுங்கள். ஓடும் வண்டியின் காற்று இலையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். தொட்டிகளை மரப்பெட்டியில் நெருக்கி வைத்து, இடுக்கில் காகிதத்தையோ கோணியையோ திணித்தால் ஆடாது.

எல்லாவற்றுக்கும் கடைசியில் ஏற்றி, முதலில் இறக்குங்கள். அதிகாலை அல்லது மாலை நேரம் நல்லது. மூடிய வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

புது வீட்டில்

முதல் வாரம் வெளிச்சமுள்ள நிழலில் வையுங்கள். பிறகு காலை வெயிலில் ஒரு மணி, இரண்டு மணி என்று கூட்டுங்கள். சில இலைகள் மஞ்சளாகி உதிரும். இடம் மாறிய அதிர்ச்சி அது. உடனே குடம் குடமாக ஊற்றுவதும் உரம் போடுவதும்தான் பலர் செய்யும் தவறு. மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, மேல் மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விடுங்கள். புதுத் துளிர் வந்த பிறகு உரம் போடலாம்.

கடந்த ஆண்டு மீண்டும் வீடு மாறினோம். இந்த முறை அண்ணாச்சி தந்த கறிவேப்பிலைக் கன்று எங்களுடன் வந்தது. பாதி இலை உதிர்ந்தது. நான்காவது வாரம் தாயார் என்னை எழுப்பி, நுனியில் இரண்டு துளிரைக் காட்டினார். அன்றைய ரசத்துக்குக் கடையில் வாங்கிய கறிவேப்பிலைதான். இதை அவர் கிள்ள விடவில்லை.

அடுத்த வீடு பார்க்கும் அன்பர்களே! தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்பதுபோல, காலை வெயில் எந்த ஜன்னலில் விழும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.