குடியுரிமையோடு மாறும் பெயர்

தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாக மட்டும் கொள்ளும் வழக்கம் தமிழரிடமும் கன்னடரிடமும் பரவலாக இருப்பதால், பெங்களூரிலிருந்து அமெரிக்கா செல்வோரில் சிலருடைய கடவுச்சீட்டில் குடும்பப்பெயருக்குரிய இடம் வெறுமையாகவே விடப்பட்டிருக்கும். அத்தகையோருக்கு வழங்கப்படும் அமெரிக்க விசாவில் இயற்பெயர் குடும்பப்பெயரின் இடத்திற்குச் சென்றுவிட, இயற்பெயருக்குரிய கட்டத்தில் 'எஃப்.என்.யூ.', அதாவது 'முதற்பெயர் தெரியவில்லை' என்னும் குறிப்பு அச்சாகிறது. பின்னர் ஓட்டுநர் உரிமம் போன்ற ஆவணங்களிலும் அக்குறிப்பே ஒருவருடைய பெயர்போல ஒட்டிக்கொள்வது விந்தைதான்.

இதைச் சீர்செய்யும் வாய்ப்பு அந்நாட்டுக் குடியுரிமை பெறும்போது கிடைக்கிறது. குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பத்திலேயே புதிய பெயரைக் கோரலாம் எனினும், பெயரை மாற்றும் அதிகாரம் குடிவரவுத் துறைக்கு இல்லாமையால், விண்ணப்பதாரர் நீதிமன்றம் நடத்தும் உறுதிமொழி நிகழ்வில் பங்கேற்க வேண்டும். நீதிபதி ஒப்புதல் அளித்தால் குடியுரிமைச் சான்றிதழ் புதிய பெயரிலேயே வழங்கப்படும்.

இந்தியாவின் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, அயல்நாட்டுக் குடியுரிமையைத் தாமாக ஏற்பவரின் இந்தியக் குடியுரிமை முடிவுக்கு வருகிறது. அவர் பின்னர் ஓ.சி.ஐ. அட்டை, அதாவது வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் என்னும் பதிவைக் கோரும்போது, பழைய கடவுச்சீட்டும் புதியதும் வெவ்வேறு பெயர்களைக் காட்டுமாதலால், பெயர் மாற்றத்திற்கான நீதிமன்ற ஆவணம் இன்றியமையாததாகிறது. பெங்களூரு வீட்டின் காத்தா எனப்படும் மாநகராட்சிச் சொத்துப் பதிவு பழைய பெயரில் இருப்பவர்கள், விற்பனைப் பத்திரம் எழுதும் நாள்வரை காத்திராமல், அந்த ஆவணத்தின் சான்றிட்ட நகல்களை முன்கூட்டியே பெற்றுவைப்பது நன்று.