பாகற்காய்க்குச் சட்டை

"பூ நிறைய வருது, பிஞ்சும் பிடிக்குது. விரல் நீளம் வந்ததும் மஞ்சளாகி விழுந்துடுது. உரம் பத்தலையாண்ணே?" கிள்ளானில் பக்கத்துச் சந்து அக்கா கேட்டார். விழுந்த பாகற்பிஞ்சு ஒன்றை வாங்கிக் கத்தியால் பிளந்தேன். உள்ளே சோற்றுப் பருக்கைகளாய் வெள்ளைப் புழுக்கள். ஒன்று தலையையும் வாலையும் சேர்த்து வளைந்து, விண்ணென்று துள்ளி மேசையை விட்டே குதித்தது. முற்றிய பழ ஈப் புழு இப்படித்தான் துள்ளும்.

வாழைப்பழத் தட்டைச் சுற்றும் பொடி ஈ வேறு. அது கனிந்து அழுகுவதைத் தேடி வரும். இதுவோ நல்ல காயைத் தேடி வரும். வீட்டு ஈ அளவு, குளவியின் சாயல், மஞ்சள் கோடுகள், இறகில் பழுப்புத் தீற்றல். பாகல், பீர்க்கு, வெள்ளரி எல்லாம் இதற்கு விருந்து. மிளகாயையும் கத்தரியையும் துளைக்கும் இன்னொரு இனத்துக்கு 'மலேசியப் பழ ஈ' என்றே பெயர்.

பெண் ஈ ஊசி போன்ற குழாயால் பிஞ்சின் தோலைக் குத்தி உள்ளே முட்டையிடும். ஓரிரு நாளில் பொரிக்கும். புழு ஒரு வாரம் சதையைத் தின்றுவிட்டு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். முட்டை ஈயாக ஏறக்குறைய மூன்று வாரம். குளிர்காலமே இல்லாத நம் ஊரில் வருடம் முழுக்க இதே கதை.

மருந்து அடித்தால் போகாதா? முட்டையும் புழுவும் காய்க்குள், கூட்டுப்புழு மண்ணுக்குள். வளர்ந்த ஈயும் பந்தலில் தங்காமல் சுற்றுப்புதரில் ஒதுங்கும். மருந்து தங்குவது காயின் மேல்; வந்து சேர்வது நம் தட்டில்.

செர்டாங்கில் உள்ள மார்டி ஆய்வு நிலையத்தின் டாக்டர் எஸ். விஜயசேகரன் 1980களின் இறுதியில் நட்சத்திரப் பழத் தோட்டங்களில் வேறு வழியைக் காட்டினார். முட்டை முதிரப் பெண் ஈக்குப் புரதம் வேண்டும். அந்தப் பசியையே பொறியாக்கி, புரத இரையில் சிறிது மருந்து கலந்து, மரம் முழுக்க அடிக்காமல் அங்கங்கே இலையில் மட்டும் தெளிக்கும் முறை அது. ஈ தானே தேடி வந்து தின்று சாகும். பழ ஈக்களுக்கென்றே ஓர் அனைத்துலகக் கருத்தரங்கு 1988இல் கோலாலம்பூரில் கூடியதும் அந்தக் காலத்தில்தான்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டு வாசல்களில் இருக்கும் துளசிக்கும் பழ ஈயைப் பிடிப்பதில் பங்கு உண்டு. கசக்கிய துளசியில் மெத்தில் யூஜினால் மணக்கும். மாம்பழத்தையும் கொய்யாவையும் தாக்கும் ஈயின் ஆண்கள் அதில் சொக்கி விழும். ஆண் அதைத் தின்று, தன் உடலுக்குள் பெண்ணை அழைக்கும் வாசனையாக மாற்றிக்கொள்கிறது என்பதைப் பினாங்கு, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் தான் கெங் ஹோங்கும் ஜப்பானின் நிஷிடாவும் விளக்கினார்கள். என்னை மிகவும் வியக்க வைத்த செய்தி இது. ஆனால் பாகலைக் குத்தும் ஈ இந்த மணத்துக்கு மயங்காது; அதற்குக் கியூ லூர் என்ற வேறு வாசனை வேண்டும். துளசிப் பொறியை நம்பிப் பாகலை விட்டுவிடாதீர்கள்.

ஜப்பானின் ஓகினாவா தீவுகள் இதே பாகல் ஈயை ஒழித்துக்காட்டின. 1972இல் தொடங்கி, கதிர்வீச்சால் மலடாக்கிய 5,000 கோடிக்கும் மேற்பட்ட ஈக்களைப் பறக்கவிட்டு, 1993இல் வென்றார்கள். ஈ ஒழிந்த பிறகே அவர்களின் பாகற்காய் தடையின்றி ஜப்பானின் மற்ற பகுதிகளுக்குப் போனது. சுற்றிலும் கடல் இருந்ததால் முடிந்தது. நமக்கோ அடுத்த வேலிக்கு அப்பால் இன்னொரு பந்தல்.

அக்காவுக்கு நான் சொன்னது எளிய வேலை. பூ வாடிப் பிஞ்சு சுண்டுவிரல் அளவானதும், படித்து முடித்த நாளிதழைக் குழாயாகச் சுற்றி, காம்போடு சேர்த்துக் கட்டி, அடிவாயையும் மடித்து மூடிவிட வேண்டும். பூ வாடுமுன் மூடினால் தேனீ வர வழியில்லை, காயும் பிடிக்காது. இப்போது அவர் பந்தலில் காய்கள் காகிதச் சட்டையோடு தொங்குகின்றன. உரம் பழைய அளவுதான்.

விழுந்த பிஞ்சை மட்டும் செடியடியிலோ குப்பை உரக்குழியிலோ போடாதீர்கள். அன்றன்றே பொறுக்கி, கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, ஒரு வாரம் வெயிலில் போடுங்கள். பக்கத்து வீட்டாரிடமும் சொல்லுங்கள்.