சூசன் கேர்

சூசன் கேர் (பிறப்பு: பெப்ரவரி 5, 1954) ஓர் அமெரிக்க வரைகலை வடிவமைப்பாளர் ஆவார். 1984 இல் வெளிவந்த ஆப்பிள் நிறுவனத்தின் மாக்கின்டாஷ் கணினிக்கான படவுருக்களையும் திரை எழுத்துருக்கள் பலவற்றையும் வடிவமைத்தவர் இவரே. பெரும்பாலான கணினிகளைக் கட்டளைகளைத் தட்டச்சிட்டே இயக்க வேண்டியிருந்த அக்காலத்தில், கணினி அறியாதவரும் படத்தைப் பார்த்துப் பொருளுணர இவருடைய வடிவங்கள் உதவின. இவர் கணினியியல் படித்தவர் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது.

கல்வி

நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா நகரில் பிறந்தார். துணியின் இழைகளை எண்ணித் தைக்கும் பூத்தையலைத் தாயிடம் கற்றார். மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் 1975 இல் கலையியலில் இளங்கலைப் பட்டமும், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 1978 இல் முனைவர் பட்டமும் பெற்றார். ஒனொரே தோமியே, கிளாஸ் ஓல்டன்பர்க் ஆகியோரின் சிற்பங்களில் காணப்படும் கேலிச்சித்திரத் தன்மையே இவரது ஆய்வுப் பொருள். ஒருவரை இரண்டொரு கோடுகளில் அடையாளம் காட்டுவது கேலிச்சித்திரக் கலை. பின்னாளில் இவர் ஏற்ற பணிக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி அமைந்திருக்க இயலாது.

மாக்கின்டாஷ் பணி

சான் பிரான்சிஸ்கோவில் அருங்காட்சியகப் பணியிலும் சிற்பப் பணியிலும் இருந்த கேரை, பள்ளித் தோழரும் மாக்கின்டாஷ் நிரலாளருமான ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் 1982 இல் அணுகினார். கட்டத்தாள் வாங்கி, அதில் சிறு படங்களை வரைந்து பார்க்கும்படி அவர் கூறினார். நேர்முகத்துக்குச் செல்லுமுன் நூலகத்திலிருந்து அச்செழுத்து பற்றிய நூல்களை எடுத்துப் படித்துத் தம்மை ஆயத்தப்படுத்திக்கொண்ட கேர், 1983 சனவரியில் அக்குழுவில் சேர்ந்தார்.

ஒரு படவுருவுக்குக் கிடைத்த இடம் 32 × 32, அதாவது 1,024 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் கறுப்பாகவோ வெள்ளையாகவோ மட்டுமே இருக்கலாம். சாம்பல் நிறம்கூட இல்லை. புள்ளிப் படங்களைப் பூத்தையலுக்கும் வண்ணக்கல் பதிப்போவியத்துக்கும் ஒப்பானவையாகவே இவர் கண்டார். கணினியைத் தொடங்கும்போது தோன்றும் புன்னகைக்கும் மாக்கின்டாஷ், பிழையைக் குறிக்கும் வெடிகுண்டு, மாக்பெயின்ட் மென்பொருளின் வண்ண வாளி, சுருக்குக் கயிறு முதலியன இவ்வாறு உருவானவை.

ஒரு கருத்துக்குப் பல வடிவங்களை வரைந்து, குழுவினரிடம் காட்டித் தேர்ந்தெடுப்பது இவரது வழக்கம். எல்லாம் எளிதில் அமைந்துவிடவில்லை. படியெடுத்தலைக் குறிக்கக் கண்ணாடி பார்க்கும் பூனையையும் வரைந்து பார்த்தார். பிறரைப் பார்த்து அப்படியே செய்பவரை ஆங்கிலத்தில் பூனையோடு சேர்த்துச் சொல்லும் வழக்கிலிருந்து பிறந்த படம் அது. ஆங்கிலம் அறியாதவருக்கு அது வெறும் பூனைதான்.

கட்டளை விசைக்கு முதலில் ஆப்பிள் சின்னமே இருந்தது. பட்டியல்களில் அது வரிக்கு வரி தோன்றியதை ஸ்டீவ் ஜொப்ஸ் விரும்பவில்லை. குறியீட்டு அகராதி ஒன்றைப் புரட்டிய கேர், நான்கு மூலைகளிலும் வளையமிட்ட சதுரத்தைக் கண்டெடுத்தார். சுவீடனில் காணத்தக்க இடங்களைச் சுட்டும் குறி அது. இன்றும் ஆப்பிள் விசைப்பலகைகளில் அதுவே உள்ளது.

சிகாகோ, ஜெனீவா, நியூயார்க் முதலிய திரை எழுத்துருக்களும் இவருடையவை. முதலில் பிலடெல்பியா புறநகர்த் தொடருந்து நிலையங்களின் பெயர்களை இவற்றுக்கு இட்டிருந்தனர். உலகப் பெருநகரங்களின் பெயர்களே வேண்டும் என்றார் ஜொப்ஸ். சிகாகோவை நேர்கோடுகளையும் 45 பாகைச் சாய்கோடுகளையும் மட்டுமே கொண்டு அமைத்தார். 2001 இல் வெளியான முதல் ஐப்பாடின் திரையிலும் இவ்வெழுத்துருவே பயன்பட்டது.

பாணி

படவுரு என்பது ஓவியத்தைவிடச் சாலைக் குறியீட்டுக்கே நெருக்கமானது என்பது கேரின் கருத்து. நுணுக்கங்கள் கூடக்கூட அது குறிப்பிட்ட ஒரு பொருளின் படமாகிவிடும். குறைந்தால் எல்லோருக்கும் பொதுவாகும். ஆயினும் இவரது படங்களில் வறட்சி இல்லை. அவற்றில் இழையோடும் மெல்லிய நகைச்சுவை, இயந்திரத்தைக் கண்டு தயங்கியவரின் அச்சத்தைக் குறைத்தது எனலாம்.

பிற்காலப் பணிகள்

ஆப்பிளிலிருந்து விலகியபின் நெக்ஸ்ட் நிறுவனத்தில் பணியாற்றினார். பின்னர்த் தனித்து இயங்கினார். மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 3.0 (1990) இயக்குதளத்துக்குப் படவுருக்களையும், அதிலிருந்த சாலிட்டேர் விளையாட்டின் சீட்டுகளையும் வடிவமைத்தார். 2015 இல் பின்டரெஸ்ட் நிறுவனத்தில் சேர்ந்தார். இவரது கட்டத்தாள் வரைவுகள் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் தொகுப்பில் இடம்பெற்றுள்ளன. 2018 இல் அமெரிக்க வரைகலைக் கழகத்தின் பதக்கம் இவருக்கு வழங்கப்பட்டது.