எடையைக் கழித்தால் யார் பெரியவர்?

1952 ஜூன் 25. நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் கொடும் வெக்கை. மிடில்வெயிட் சாம்பியன் சுகர் ரே ராபின்சன், தன்னைவிட சுமார் ஏழு கிலோ கூடுதலான ஜோயி மாக்ஸிமுடன் லைட் ஹெவிவெயிட் பட்டத்துக்காக மோதினார். சூடு தாங்காமல் நடுவரே பத்தாவது சுற்றோடு விலகிக்கொண்டார். புள்ளிகளில் முன்னிலையில் இருந்த ராபின்சனால் பதினான்காவது சுற்றுக்கு எழ முடியவில்லை. ஏறத்தாழ 200 சண்டைகளில் அவர் பாதியில் நிறுத்தித் தோற்றது இது ஒன்றில்தான்.

எடை வித்தியாசத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் உலகின் தலைசிறந்த குத்துச்சண்டை வீரர் யார் என்று கேட்டால், இன்றும் பலர் சொல்லும் பெயர் இந்த ராபின்சன்தான். ஆனால் எடையை எப்படி ஒதுக்குவது? பலத்தை உடல் எடையால் வகுத்தால் போதாதா?

போதாது. தசையின் பலம் அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது; எடையோ உடலின் கன அளவைப் பொறுத்தது. அதனால் எடை இரண்டு மடங்கானால் பலம் ஏறக்குறைய 1.6 மடங்குதான் ஆகும். பளுதூக்கும் சாதனைகள் இந்த விகிதத்தை ஒட்டியே போகின்றன என்று 1956-லேயே காட்டிவிட்டார்கள். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில் நயீம் சுலைமானோக்லு 190 கிலோ தூக்கினார். தன் எடையைப் போல மூன்று மடங்குக்கும் மேல்! ஹெவிவெயிட்காரர் எவராலும் அந்த மடங்கை எட்ட முடியாது. வெறுமனே வகுத்துப் பார்க்கும் கணக்கு எப்போதும் சின்ன உடம்புக்கே சாதகம்.

குத்துச்சண்டையில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. ஒலிம்பிக் வீரர்கள் ஏழு பேரை, கருவி பொருத்திய பொம்மைத் தலையில் குத்தவைத்து அளந்த ஆய்வு 2005-ல் வெளியானது. சராசரி விசை சுமார் 3,400 நியூட்டன். கனத்த வீரர்களின் குத்துதான் பலமாக இருந்தது. அதற்கு முதன்மைக் காரணம் கை வேகம் அல்ல, முஷ்டியோடு சேர்ந்து வந்து மோதும் நிறை. காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, தோளைக் கொடுத்துக் குத்தும்போது உடம்பின் ஒரு பங்கு அந்த முஷ்டியோடு சேர்கிறது. எடைப் பிரிவுகள் உயிர்ப் பாதுகாப்பு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இத்தனையையும் மீறி ஏறியவர் பிலிப்பைன்ஸின் மானி பாக்கியாவ். 1998-ல் 51 கிலோவுக்கும் குறைந்த ஃப்ளைவெயிட் பட்டம். 2010-ல் அன்டோனியோ மார்கரிட்டோவை வென்று எட்டாவது எடைப் பிரிவிலும் பட்டம். முந்தைய நாள் எடை பார்த்தபோது இருவருக்கும் இடையே சுமார் இரண்டரை கிலோதான் வித்தியாசம். உடம்பின் நீரை வற்றவைத்து எடை காட்டிவிட்டு, பிறகு உண்டு குடித்து ஏற்றிக்கொள்வது இந்த விளையாட்டின் வழக்கம். சண்டை இரவில் மார்கரிட்டோவின் எடை பாக்கியாவைவிட ஏழு கிலோவுக்கும் மேல் கூடியிருந்தது. என் ஓட்டு அதனால்தான் பாக்கியாவுக்கு.

தொழில்முறைச் சண்டைகளில் மேடையேறும் நாளன்றே எடை பார்க்க வேண்டும். அதுவரை பட்டியலில் எழுதியிருக்கும் எடையை நம்பி யாரையும் யாரோடும் ஒப்பிடாதீர்கள்.