நிறம் கம்மின்னு சொல்றது யாரு?



காசிமேட்டு வெயில்ல கூடையோடு உட்கார்ந்து மீன் விற்றால் முகம் கறுக்கத்தான் செய்யும். ஆனால் பெண் பார்க்கப் போகும்போது "பொண்ணு நிறம் கம்மி" என்று முதலில் சொல்வது யார்? பெரும்பாலும் நாமதான்.

ஃபேர் அண்ட் லவ்லி கிரீம் 1975இல் வந்தது. அதன் ஒரு விளம்பரத்தில், மகன் இல்லையே என்று அப்பா வருத்தப்படுவார். மகள் கிரீம் பூசி, வெள்ளையாகி, விமானப் பணிப்பெண் ஆவாள். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் புகார் கொடுத்துப் போராடியது. 2003இல் அந்த விளம்பரம் நின்றது. 2020இல் பெயரிலிருந்த 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. கிரீம் என்னவோ கடையில் இருக்கிறது!

அதே கம்பெனி 2000ஆம் ஆண்டு வாக்கில் நல்கொண்டாவில் 'சக்தி' திட்டம் தொடங்கி, நம்மைப் போன்ற குழுப் பெண்களைக் கொண்டே கிராமங்களில் தன் பொருட்களை விற்றது. வருமானம் வந்தது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வாங்குவதும் நாம், விற்பதும் நாம்.

ஆண் பார்க்கிற கண்ணாலேயே பெண்ணும் தன்னைப் பார்க்கப் பழகிவிடுகிறாள் என்கிறார்கள் இன்றைய பெண்ணியவாதிகள். பெண்களை நகை மாட்டும் பொம்மையாக்குவதைப் பெரியார் அன்றே கண்டித்தார். பவுடர் பூசாதீங்கன்னு நாங்க சொல்லலை; அது அவரவர் ஆசை.

"பொண்ணு கறுப்பு, அதனால ரெண்டு பவுன் கூடக் கேக்குறாங்க" என்று குழுவில் கடன் கேட்டு வரும்போது நாமும் தலையாட்டி கையெழுத்துப் போடுகிறோமே, அதைத்தான் அடுத்த கூட்டத்தில் பேசணும்.