"பாஸ் அவுட்" ஆனாளா?

போன சித்ரா பௌர்ணமிக்கு என் நாத்தனார் பெண் கிரிவலம் வர வேலூரிலிருந்து வந்திருந்தாள். பகல் முழுக்க விரதம். ஒரு டம்ளர் மோராவது குடியேன் என்றால் கேட்டால்தானே! 14 கிலோமீட்டர் நடக்க வேண்டும். சித்திரை வெயில் ராத்திரியிலும் தார் ரோட்டை விட்டுப் போவதில்லை.

அக்னி லிங்கம் தாண்டி, ரமணாசிரமமும் தாண்டியாயிற்று. எம லிங்கம் வருவதற்குள், "அத்தை, கண்ணை இருட்டுது" என்றாள். அடுத்த நிமிஷம் அப்படியே சரிந்துவிட்டாள்.

கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் தூக்கி உட்கார வைக்கிறார், இன்னொருவர் சோடாவை வாயில் ஊற்றப் போகிறார். அப்போது ஒரு வெள்ளைக்கார அம்மாள் ஓடி வந்து, "டிட் ஷி பாஸ் அவுட்?" என்று கேட்டாள்.

"எஸ், எஸ்! லாஸ்ட் இயர். பி.காம்., ஃபர்ஸ்ட் கிளாஸ்!" என்றேன் நான். அந்த நேரத்திலும் என் பெருமையைப் பாருங்கள்!

அந்த அம்மாள் திருதிருவென்று விழித்தாள். அப்புறம் பேச்சை விட்டுக் காரியத்தில் இறங்கினாள். பெண்ணைத் தரையில் நீட்டிப் படுக்க வைத்து, கால்களை என் மடிமேல் உயரத் தூக்கி வைத்தாள். சோடாவைத் தடுத்தாள். ஒரு நிமிஷத்துக்குள் கண் திறந்துவிட்டது.

அவள் கேட்டது "மயக்கம் போட்டு விழுந்தாளா?" என்று! அதுதான் வெளிநாட்டில் எல்லோருக்கும் முதலில் தோன்றும் அர்த்தம். படிப்பை முடிப்பதற்கு இந்தச் சொல்லைப் பழக்கியவர்கள் நாம்தான். ராணுவப் பயிற்சி முடிந்து நடக்கும் "பாஸிங் அவுட் பரேட்" மட்டும் அங்கேயும் உண்டு. கல்லூரிப் படிப்பு என்றால் "கிராஜுவேட்டட்" என்பதே சரி.

சுண்டல் விநியோகிப்பதற்கும் இதே சொல்தான். "பாஸ் அவுட் த சுண்டல்" என்றாலும், "பாஸ் த சுண்டல் அவுட்" என்றாலும் சரி. "இட்" என்று சொன்னால் மட்டும் அது நடுவில்தான் வர வேண்டும்: "பாஸ் இட் அவுட்". மயக்கத்தில் இந்தப் பிரிவினை கிடையாது. "பாஸ் அவே" என்று மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள், அது காலமாவது!

பெண்ணின் பிரசவம் பார்க்க அமெரிக்கா போகும் அம்மாக்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்பது டிகிரியை அல்ல.

மயக்கத்தில் மூளைக்குப் போகும் ரத்தம் சற்று நேரம் குறைந்துவிடுகிறது. உட்கார வைத்தால் இன்னும் குறையும். படுக்க வைத்தால் தானே திரும்பும். நினைவு முழுதாக வருமுன் எதையும் குடிக்கக் கொடுத்தால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம். மாதம் ஏறிய கர்ப்பிணியானால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், டாக்டரிடமும் காட்டிவிடுங்கள். யாரானாலும் ஒரு நிமிஷத்தில் தெளியாவிட்டால், அல்லது நெஞ்சு வலி என்றால், 108-ஐக் கூப்பிடத் தயங்காதீர்கள்.

மறுநாள் காலை நாலாவது இட்லியைத் தட்டில் போட்டுக்கொண்டே அவள் சொல்கிறாள்: "அத்தை, இப்ப நான் ரெண்டு அர்த்தத்துலயும் பாஸ் அவுட்!"